ஓஸ் முனை மாற்றுவது எப்படி? குழாய் முதல் நாசில் வரை

காலை ஆறரை மணி. மொட்டை மாடிக் குழாயைத் திறந்துவிட்டு, ஓஸை இழுத்துக்கொண்டு மல்லிகைத் தொட்டி வரை போவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் ஓஸ் குழாயிலிருந்து நழுவிக் கீழே கிடக்கும், தண்ணீர் தளத்தைக் கழுவிக்கொண்டிருக்கும். இதற்கு எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான்: பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பியை முறுக்குவது. இரண்டு வாரம் தாங்கும் என்று போட்டதை நான் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். கம்பி முனை கையைக் கிழித்த அன்றுதான் கடைக்குப் போனேன்.

போனதும் தப்பு செய்தேன். "அண்ணே, அரை இன்ச் ஓஸ் நிப்பிள் ஒண்ணு குடுங்க." கொடுத்தார். நிப்பிள் என்றால் ஒரு பக்கம் குழாயில் திருகும் மரையும், மறுபக்கம் ஓஸுக்குள் செருகும் வரிவரியான மேடும் உள்ள இணைப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் குழாயில் ஏறியது, ஓஸுக்குள் லொடலொட என்று ஆடியது. மறுபடி போனபோது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்க குழாயச் சொன்னீங்களா, ஓஸச் சொன்னீங்களா தம்பி?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கத்தி, வெந்நீர், ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

எங்கே ஒழுகுகிறது?

புதுச் சாமான் வாங்குவதற்கு முன் குழாயைத் திறந்து, எல்லா இணைப்பையும் துணியால் துடைத்துவிட்டு, எது முதலில் நனைகிறது என்று பாருங்கள். தண்ணீர் கீழே வழிந்துவந்து வேறோர் இடத்தில் சொட்டும்; சொட்டும் இடத்தை நம்பினால் தப்பான சாமானை மாற்றுவீர்கள்.

குழாயும் நிப்பிளும் சேரும் மரையில் கசிந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கல் மாதிரி இறுகியிருக்கும், இல்லையென்றால் விழுந்து தொலைந்திருக்கும். சில்லறைக் காசு வாஷரில் சரியாகிவிடும். ‘க்ளிக்’ என்று மாட்டும் இணைப்பில் கசிந்தால் அதன் ஆண் பக்கத்தில், அதாவது உள்ளே செருகும் பக்கத்தில், இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பாருங்கள். நகத்தால் தடவினால் வெட்டு தெரியும். ஓஸ் முனையிலேயே, நிப்பிளைக் கவ்வும் இடத்தில் கசிந்தால் முனை விரிந்து தளர்ந்துவிட்டது. வெயிலில் வருஷக்கணக்காகக் கிடக்கும் பிவிசி ஓஸில், அதை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். குழாய்ப் பக்கம் எப்போதும் ஒரே இடத்தில் வளைந்து கிடப்பதால் அங்கேதான் முதலில் வெடிக்கும். நல்ல பகுதி வரும்வரை ஒரு சாண் வெட்டி எறியத் தயங்காதீர்கள். முப்பது மீட்டர் ஓஸில் ஒரு சாண் போனால் யாருக்கும் தெரியாது.

இரண்டு அளவு, இரண்டு இடம்

ஓஸை அளப்பது உள் விட்டத்தை வைத்து. அரை இன்ச் ஓஸ் என்றால் உள்ளே 12.7 மி.மீ., முக்கால் இன்ச் என்றால் 19 மி.மீ. வெளிப்பக்கத்தை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். நூல் பின்னல் வைத்த தடித்த அரை இன்ச் ஓஸ், பார்வைக்கு முக்கால் இன்ச் மாதிரியே இருக்கும். விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லையென்றால் துளை போடும் பிட்டின் பின்பக்கத்தைச் செருகிப் பாருங்கள், 12 மி.மீ. பிட் லேசாக ஆடிக்கொண்டு உள்ளே போனால் அரை இன்ச்.

குழாய் மரை வேறு கணக்கு. அரை இன்ச் மரை என்பதில் எங்கே அளந்தாலும் அரை இன்ச் வராது. அதன் வெளி விட்டம் 20.95 மி.மீ., முக்கால் இன்ச் மரைக்கு 26.44 மி.மீ. அந்தக் காலத்து இரும்புப் பைப்பின் உள் அளவை வைத்து மரைக்குப் பெயர் வந்துவிட்டது, அதுவே நிலைத்துவிட்டது. இதை அளக்கச் சட்டைப் பையிலேயே கருவி இருக்கிறது. பத்து ரூபாய்க் காசின் விட்டம் 27 மி.மீ. குழாய் வாயின் மரைமேல் காசை வைத்துப் பாருங்கள். மரையை ஏறக்குறைய சரியாக மூடினால் அது முக்கால் இன்ச். சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றால் அரை இன்ச்.

குழாய் வாயில் மரை வெளியே தெரிந்தால் அது ஆண், உங்களுக்குப் பெண் மரை உள்ள நிப்பிள் வேண்டும். மரை உள்ளே இருந்தால் நேர்மாறு. வாயில் மரையே இல்லாமல் வழவழவென்று இருக்கும் குழாய்க்கு, ரப்பர் உறை போட்டு ஸ்க்ரூவால் இறுக்கும் ‘யூனிவர்சல்’ இணைப்பு கிடைக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் வேகத்துக்கு அது போதும், மோட்டார் வேகத்துக்குக் கழன்று ஓடும். முடிந்தால் குழாயையே, ஓஸைச் செருக வரி போட்ட வாய் உள்ள பித்தளைக் குழாயாக மாற்றிவிடுவது நிம்மதி.

ஆகவே கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "அரை மரை, பெண், முக்கால் ஓஸ்." அதைவிட நல்லது, வெட்டிய ஓஸ் துண்டைக் கையோடு கொண்டுபோவது.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒருமுறை பளபளவென்ற பித்தளை செட் ஒன்று வரவழைத்தேன். முக்கால் இன்ச் என்று போட்டிருந்தது, காசு வைத்துப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. ஒன்றரைச் சுற்று ஏறியதும் நின்றுவிட்டது. ரிஞ்சு போட்டு இன்னும் அரைச் சுற்று தள்ளியதில் என் குழாயின் மரையும் கடித்துப்போயிற்று. காரணம் பிறகுதான் புரிந்தது: அது அமெரிக்கத் தோட்ட ஓஸ் மரை. நம் ஊர்க் குழாய் மரை பிரிட்டிஷ் வழி வந்தது, இன்ச்சுக்கு 14 சுற்று. அமெரிக்க ஓஸ் மரைக்கு இன்ச்சுக்கு 11.5 சுற்று, விட்டம் ஏறத்தாழ 27 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட ஒன்று, சுற்று வேறு. விவரத்தில் ‘பிஎஸ்பி’ (பிரிட்டிஷ் குழாய் மரை) என்று இருந்தால் வாங்குங்கள். ‘ஜிஎச்டி’ (அமெரிக்க ஓஸ் மரை) என்று இருந்தால் விட்டுவிடுங்கள். கையால் மூன்று சுற்று சுலபமாக ஏறாத எந்த மரையையும் ரிஞ்சு போட்டு ஏற்றக்கூடாது.

மொட்டை மாடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு

இணையத்தில் ஓஸ் பற்றிச் சொல்லும் பலர், குழாயில் இரண்டு மூன்று பார் அழுத்தம் இருக்கும் ஊர்களில் இருந்துகொண்டு சொல்கிறார்கள். நம் மாடியில் அப்படி இல்லை. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கீழே ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மாடித் தளத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் இரண்டரை மீட்டர் மேலே இருக்கிறது என்று வையுங்கள், கிடைப்பது கால் பார். அதே தொட்டியிலிருந்து தரைத்தளத் தோட்டத்துக்கு வரும்போது இரண்டு மாடி உயரம் சேர்ந்து முக்கால் பாரைத் தாண்டிவிடும். அதனால்தான் கீழ்வீட்டுக்காரர் கையில் பீய்ச்சி அடிக்கும் அதே ஸ்ப்ரே கன், மாடியில் உங்கள் கையில் எச்சில் வடிப்பது போல வடிக்கிறது. கன்னைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கால் பாரை வீணாக்காமல் இருப்பதுதான் முனை வாங்குவதன் சூட்சுமம். அரை இன்ச் ஓஸுக்கான பிளாஸ்டிக் நிப்பிள் ஒன்றின் துளையை அளந்து பார்த்தேன்: 9 மி.மீ. ஓஸின் துளை 12.7. விட்டத்தில் கொஞ்சம்தான் குறைவு என்று தோன்றும், ஆனால் பரப்பளவில் சரிபாதி போய்விட்டது. இப்படி ஒரு நிப்பிள், அடுத்து ஒரு க்ளிக் இணைப்பு, நடுவில் ஓர் ஒட்டு, கடைசியில் ஒரு கன் என்று நான்கு நெருக்கலை வரிசையாக வைத்தால் மிஞ்சுவது சொட்டுதான்.

எனவே மாடிக்கு என் சிபாரிசு: முக்கால் இன்ச் ஓஸ், அகலத் துளையுள்ள பித்தளை நிப்பிள் ஒன்று, ஒரு கிளிப், முனையில் பூவாளித் தலை மாதிரிப் பெரிய துளைகள் உள்ள நாசில். அவ்வளவுதான். முக்கால் இன்ச் ஓஸின் துளை, அரை இன்ச்சைவிடப் பரப்பில் இரண்டேகால் மடங்கு. கழற்றினால் தானே தண்ணீரை நிறுத்திக்கொள்ளும் வால்வு வைத்த க்ளிக் இணைப்பை மாடிக்கு வாங்கவே வேண்டாம். அந்த வால்வு வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

கீழே, மோட்டார் நேரடியாகத் தள்ளும் குழாயென்றால் க்ளிக் இணைப்பு உண்மையிலேயே வசதி. ஜெர்மனியின் கார்டெனா நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த யோசனை அது. இன்று எத்தனையோ பெயர்களில் அதே வடிவம் கிடைக்கிறது. கார் கழுவும் கன், செடிக்குப் பூவாளி என்று மாற்றி மாற்றி மாட்டுபவர்கள் வாங்கலாம்.

பித்தளையா, பிளாஸ்டிக்கா?

பித்தளை. கூடுதல் விலைக்கு இங்கே அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் மரை ஒருநாள் சத்தமில்லாமல் விரியும். ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை கனக்கும். கனமே இல்லாமல், மேலே மட்டும் மஞ்சளோ வெள்ளியோ பூசியிருந்தால் அது மட்டமான கலப்பு உலோகம், உப்புத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து மரை ஒட்டிக்கொள்ளும், பிறகு குழாயோடுதான் கழலும். ஒரு விதிவிலக்கு: உங்கள் குழாயே பிளாஸ்டிக் என்றால் முனையும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். பித்தளை ஆண் மரையைப் பிளாஸ்டிக் பெண் மரைக்குள் இறுக்கினால் பிளாஸ்டிக்தான் பிளக்கும்.

கிளிப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திருகினால் பட்டை இறுகும் இந்தக் கிளிப்பை 1921-இல் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர் காப்புரிமை பெற்று வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இதைவிட எளிய சாமான் வரவில்லை. பட்டை மட்டுமல்ல, ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று காந்தம் வைத்துப் பார்க்கலாம். பளிச்சென்று ஒட்டினால் அநேகமாகத் துருப்பிடிக்கும் ரகம். பட்டை துருப்பிடிக்காமல் ஸ்க்ரூ மட்டும் துருவேறிய கிளிப்பை அடுத்த முறை ரம்பம் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மாட்டும் வேலை

தேவைப்படுபவை: கூரான கத்தி அல்லது பைப் கட்டர், ஒரு டம்ளர் வெந்நீர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், டெஃப்லான் டேப், துணி. அம்மாவின் அரிவாள்மனையில் ஓஸை அறுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. வெட்டு என்னவோ நேராகத்தான் விழுந்தது.

முதலில் முனையை நேராக, செங்குத்தாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் நிப்பிளின் அடிவரை போகும், மறுபக்கம் எட்டாது. கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும். ஆக்சா பிளேடில் அறுத்தால் பிசிறு நிற்கும், அதைக் கத்தியால் சுரண்டி எடுங்கள்.

அடுத்து, இப்போதே, கிளிப்பை ஓஸில் மாட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். க்ளிக் இணைப்பாக இருந்தால் அதன் நட்டை. அரைமணி நேரம் போராடி நிப்பிளை ஏற்றிய பிறகு, கிளிப் தரையில் கிடந்து உங்களைப் பார்க்கும் காட்சி எல்லோருக்கும் ஒருமுறையாவது வாய்க்கும். பட்டையை முழுக்க அவிழ்த்து மறுபடி போடலாம்தான், க்ளிக் நட்டுக்கு அந்த வசதி இல்லை.

இப்போது வெந்நீர். கொதிக்கக் கூடாது, வாயில் வைத்தால் சுடும் டீயின் சூடு போதும். ஓஸ் முனையை ஒரு கட்டைவிரல் நீளம் அதில் அரை நிமிஷம் முக்கி வையுங்கள். விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்கும்போது எடுத்து, துடைத்து, நிப்பிளை ஒரே மூச்சில் உள்ளே தள்ளுங்கள். நேராகத் தள்ளினால் ஏறாது. இடதும் வலதுமாக லேசாகத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும். ஒவ்வொரு வரியும் உள்ளே போகும்போது ‘டக்’ என்று கையில் தெரியும். மூன்றாவது வரியில் நின்றுவிட்டால் மறுபடி முக்குங்கள். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் ஒரு துளி விடலாம், அது காய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் காயாது, ஓஸ் பிறகும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

லைட்டரில் காட்டி இளக்குவதைப் பல பேர் செய்கிறார்கள். வேண்டாம். பிவிசி ஒரு பக்கம் மெலிந்துபோகும், தீய்ந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், நெஞ்சை எரிக்கும்.

நிப்பிள் அடிவரை போனதும் கிளிப்பை முன்னே இழுத்து, ஓஸின் விளிம்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் உள்ளே, வரிகளுக்கு மேலாக நிற்க வையுங்கள். விளிம்பிலேயே வைத்தால் நழுவும். வரிகளைத் தாண்டி வைத்தால் வெறும் ஓஸைத்தான் நெரிக்கும். ஸ்க்ரூ தலை கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், தினமும் கை படும் இடம் அது. பட்டையின் இரு ஓரத்திலும் ஓஸ் லேசாகப் புடைக்கும்வரை திருகுங்கள். பட்டை ஓஸுக்குள் புதைய ஆரம்பித்தால் அதிகம். நூல் பின்னல் அறுந்துவிடும். மோட்டார் குழாயென்றால் இரண்டு கிளிப் போட்டு, ஸ்க்ரூ தலைகளை எதிரெதிராக வையுங்கள்.

கடைசியில் குழாய்ப் பக்கம். இங்கே டேப் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பதில்தான் குழப்பம். நிப்பிளுக்குள் தட்டை ரப்பர் வாஷர் இருந்தால் தண்ணீரைத் தடுப்பது அந்த வாஷர், அங்கே டேப் தேவையில்லை. மரையே தடுக்க வேண்டிய இணைப்புக்கு மட்டும் டேப். மரையின் முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். முதல் மரையை மூடாமல் விட்டு, நம் ஊரில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் ஏழெட்டுச் சுற்று. சுற்றியபின் விரலால் அழுத்தினால் டேப்பின் மேல் மரையின் கோடு தெரிய வேண்டும்.

கையால் முடிந்தவரை திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. இந்தக் கால் சுற்றின்போது மறுகையால் குழாயின் உடம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருகுவது நிப்பிளை மட்டும் என்று நினைப்பீர்கள், குழாயும் சேர்ந்து திரும்பும். சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ அதைத் தாங்காது. ஓஸ் முனை மாற்றப் போய் சுவரை உடைத்த கதை எங்கள் தெருவிலேயே ஒன்று உண்டு.

திறந்து பார்க்கும்போது

குழாயை மெதுவாகத் திறந்து, முனையை மூடிவைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். செய்தித்தாள் துண்டை இணைப்பில் ஒற்றினால் ஈரம் உடனே காட்டிவிடும். மரையில் ஒரு துளி நின்றால் இன்னும் கொஞ்சம் திருகலாம், ஆனால் ஒருபோதும் பின்னுக்குத் திருப்பாதீர்கள். டேப் அறுந்துவிடும், கழற்றிப் புதிதாகத்தான் சுற்ற வேண்டும்.

மறுநாள் மத்தியானம் ஓஸ் வெயிலில் சூடாக இருக்கும்போது கிளிப்பை இன்னொரு அரைச் சுற்று இறுக்குங்கள். அழுத்தத்தில் இருக்கும் பிவிசி சூட்டில் மெல்ல இளகி வழிவிடும். முதல்நாள் இறுக்கம் அன்றோடு சரி.

ஓஸ் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால், அந்த இடத்தை வெட்டிவிட்டு இருபக்கமும் வரி உள்ள ஒட்டு நிப்பிளைப் போடுங்கள். வேலை அதேதான், கிளிப் இரண்டு. எம்-சீல் தடவுவது, டேப் ஒட்டுவது எல்லாம் வளையாத இடத்துக்கு. ஓஸ் வளைந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று: பஞ்சகவ்யமோ உரமோ கரைத்த வாளிக்குள் ஓஸ் முனையை முழுக விட்டுவிட்டுப் போகாதீர்கள். தொட்டி காலியாகி, கீழே யாராவது குழாயைத் திறந்தால் வாளித் தண்ணீர் ஓஸ் வழியாகத் திரும்பி வீட்டுப் பைப்புக்குள் போகலாம்.

நாசிலில் உப்புப் படிந்து பாதித் துளை அடைத்துக்கொண்டால், ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி ஒரு பக்கம் மட்டும் பீய்ச்சும். வாஷரும் ஓ-ரிங்கும் வாங்கும்போது அரை டஜனாக வாங்கிப் பழைய தைல டப்பாவில் போட்டு, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். வாஷர் தொலைவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான், அன்றைக்குக் கடை இருக்காது.